எருமை சோளக்காட்டில் புகுந்ததால்

உங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் நல்லா வருது. அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. கோர்ட்டு இன்டர்ப்ரீட்டர் வேலைக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைங்க நீங்க. சாட்சி வாயை மூடறதுக்குள்ள துரைகிட்ட இங்கிலீஷ்ல சொல்லி முடிச்சிடறீங்க. போன வாரம் சும்மா இருக்க முடியாம கோர்ட்டுப் பக்கம் வந்து பின்பெஞ்சுல உக்காந்து கேட்டேன். சாட்சி ஏதோ ரெண்டு வார்த்தை சொன்னான். உடனே உங்கள்ல ஒருத்தர் 'பிகாஸ்'னு போட்டு ரெண்டையும் இணைச்சுட்டாரு. சாட்சி இணைக்கவே இல்லையே தம்பி! அவன் ரெண்டு சேதியைப் பக்கத்துல பக்கத்துல வச்சான், அவ்வளவுதான். நடுவுல ஆணி அடிச்சது நீங்க.

யாருன்னு சொல்ல மாட்டேன். கோவிச்சுக்கவும் வேண்டாம். நானும் உங்க வயசுல அப்படித்தான் குதிச்சுக்கிட்டிருந்தேன். ரிட்டையர் ஆகி வீட்டுல சும்மா உக்காந்திருக்கிற கிழவன் ஏதோ உளர்றான்னு நெனச்சாலும் சரி, கேட்டுட்டுப் போங்க.

இந்த 'பிகாஸ்' இருக்கே, அது வெள்ளைக்காரங்க வீட்டுல தாய்ப்பாலோட வர்ற வார்த்தை. ஜட்ஜ் பங்களாவுக்கு ஒரு தடவை காகிதக் கட்டு கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். துரையோட சின்னப் பொண்ணு, நாயை ஏன் வண்டியில ஏத்தக் கூடாதுன்னு கேட்டுச்சு. துரைசானி திரும்பிக் கூடப் பாக்காம, அது நனைஞ்சிருக்கு, அதனாலன்னு சொன்னாங்க. குழந்தைக்கு அது போதும். விளையாடப் போயிருச்சு. ஒரு ஏன், ஒரு பிகாஸ், ஆச்சு. அவங்க நாள் முச்சூடும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. காப்பி ஆறிப்போச்சு, அதனால குடிக்கலை. மழை வருது, அதனால வரலை. கேக்கவே சுத்தமா இருக்கும்.

நம்ம ஆளுங்களை ஏன்னு கேட்டுப் பாருங்க. "ஏன்யா அவனை அடிச்சே?"ன்னு கேட்டா, "எங்க காட்டு வழியா வந்தானுங்க"ம்பான். "வந்தா அடிப்பியா?" "எங்க பெரியப்பன் செத்தப்ப வரலீங்க." சரி, பெரியப்பன் எப்போ செத்தாரு? இவன் மீசை முளைக்கிறதுக்கு முன்னாடி! ஜட்ஜ் பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாப்பாரு. நான் எங்கே போய் எந்த பிகாஸைப் போடறது? அவன் சொன்னதுல காரணம் இல்லாம இல்லை. அது அந்த ரெண்டு வார்த்தைக்கு நடுவுல கிடக்கு. அவனுக்குத் தெரியும், அவன் ஊருக்குத் தெரியும், துரைக்குத் தெரியாது.

இன்னொண்ணும் கவனிச்சேன். காரணம் சொல்றது எப்பவுமே கீழே நிக்கிறவன் வேலை. லீவு கேக்கணும்னா நான் காரணம் எழுதணும். லீவு இல்லைன்னு சொல்ல துரைக்குக் காரணம் வேண்டாம். நான் வேதக்காரன், கிறிஸ்தவன். எங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்றப்பகூட சாமியார் என்ன செஞ்சேன்னுதான் கேப்பாரு, ஏன்னு துருவ மாட்டாரு. கோர்ட்டுலதான் அதைத் துருவித் துருவிக் கேக்கறாங்க. ஒரே ஒரு இடத்துல மட்டும் ஜட்ஜே காரணம் சொல்லியாகணும், அது உங்களுக்கும் தெரியும். கொலை ருசுவாகித் தூக்குன்னு எழுதினா, ஏன் தூக்குன்னு தனியாச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கு வேண்டாம்னு விட்டா, ஏன் விட்டேன்னு எழுதியாகணும். சாகடிக்கறதுக்குக் காரணம் கேக்காத சட்டம் பொழைக்க விடறதுக்குக் காரணம் கேக்குது. நல்லா இருக்குல்ல?

அந்தக் காரணத்துக்காக ஒரு கோர்ட்டே ஒரு பொம்பளை முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்ததைச் சொல்றேன். அதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன்.

மேட்டூர் அணை கட்டி முடிச்ச புதுசு. பாவாயின்னு ஒரு பொண்ணு. பொறந்தது புதுச்சத்திரம் பக்கம், வாக்கப்பட்டது எருமப்பட்டி பக்கம். புருஷன் அணைக்கட்டுக்கு மண் வேலைக்குப் போனவன், அங்கேயே குளிர்காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டான். கையில ஒரு பொட்டைப்புள்ளை, அப்பத்தான் நடை பழகுது. மாமனார் வீட்டுலதான் இருந்தா. ஒரு நாள் காலையில எருமை மேய்க்கப் போனவ, குழந்தையை முந்தானையால இடுப்போட சேத்துக் கட்டிக்கிட்டுத் தோட்டத்துக் கிணத்துல விழுந்துட்டா. பக்கத்துக் கிணத்துல மாடு பூட்டித் தண்ணி எறைச்சுக்கிட்டிருந்தவங்க சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கியிருக்காங்க. இவ பொழைச்சுக்கிட்டா. குழந்தை பொழைக்கலை.

கொலைக்கேசு. சேலம் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்துச்சு. கிராம முன்சீப்கிட்டயும் மாஜிஸ்ட்ரேட்கிட்டயும் அவ ஒரே வாக்குமூலம்தான் கொடுத்திருந்தா. எருமை சோளக்காட்டுல புகுந்துருச்சு, மாமனார் ஏசினார், கிணத்துல விழுந்தேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது.

கோர்ட்டு வராந்தாவுல தினமும் ஒரு பெரியவர் நிப்பாரு. கையில துணியில கட்டின ஒரு தூக்குப்போசி. அந்தப் பொண்ணோட அப்பா. அப்பாவை அந்தப் பக்கம் அய்யன்னு சொல்வாங்க. கம்மஞ்சோறு கொண்டுவருவாரு, ஜெயில் வார்டர் வாங்க மாட்டான். நான் போறப்ப வர்றப்ப எல்லாம் மறிச்சுக்குவாரு. எங்க வேலைப் பேரு அவங்க வாயில நுழையாதே, அதனால "சொல்லிக் காட்டறவிங்களே"ன்னுதான் கூப்பிடுவாரு.

"ஏனுங்க சாமி, அவ சாப்பிட்டாளான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

"கைதிகிட்ட நான் தனியாப் பேசக்கூடாதுங்க."

"பேச வேண்டாமுங்க. மூஞ்சியப் பாத்தாத் தெரியுமுங்கல்ல?"

நான் பாத்துட்டு, சாப்பிட்ட மாதிரிதான் இருக்குன்னு சொல்வேன். தலையை ஆட்டிக்கிட்டு மறுபடியும் தூணோரம் போய் நின்னுக்குவாரு.

சாட்சியெல்லாம் முடிஞ்சுது. சம்பவத்தைப் பத்தி யாருக்கும் சந்தேகமில்லை. ஜட்ஜுக்கு அபிப்பிராயம் சொல்ல அசெஸரா உக்காந்திருந்த ஊர்ப் பெரிய மனுஷங்க, பாவம்னு ஒரு மூஞ்சி, அடிப்பாவின்னு ஒரு மூஞ்சியா உக்காந்திருந்தாங்க. கடைசியில கைதியைக் கேக்கணும். ஜட்ஜ் துரை கெட்டவர் இல்லை. மெலிஞ்ச உடம்பு, சளி பிடிச்ச குரல். பாவாயியைப் பாத்துட்டு, ஏன் கிணத்துல விழுந்தேன்னு என்னைக் கேக்கச் சொன்னாரு.

"எருமை சோளக்காட்டுல பூந்துருச்சுங்க."

"அதுக்கு?"

"மாமன் ஏசுனாருங்க."

நான் இங்கிலீஷ்ல ரெண்டு வாக்கியமாத்தான் சொன்னேன். எருமை புகுந்தது. மாமனார் ஏசினார். நடுவுல எதையும் போடலை. துரையே குனிஞ்சு எழுதிக்கிட்டே, எருமை புகுந்த காரணத்தாலான்னு கேட்டாரு. அந்த பிகாஸ் அவர் போட்டது. அதை நான் தமிழ்ல கேட்டேன். "ஆமாங்க"ன்னா.

அவர் பேனா நின்னுருச்சு. ஒரு எருமைக்காகவா ஒரு குழந்தைன்னு அவர் வாய்விட்டுக் கேக்கலை, மூஞ்சியில எழுதியிருந்துச்சு. சர்க்கார் வக்கீல் மட்டும் சந்தோஷமா உக்காந்திருந்தாரு. இந்தக் காரணத்தை வச்சுக்கிட்டு யாரும் தூக்குக் கயித்தை அவிழ்க்க முடியாது.

சாப்பாட்டு நேரத்துல தலைமை குமாஸ்தா, சிரஸ்தார், வெத்திலையை மடிச்சுக்கிட்டே, "துரைக்குத் தூக்குப் போட மனசில்லைய்யா. எழுதறதுக்கு ஒரு காரணம் வேணும். இந்தப் புள்ளை எருமையையே புடிச்சுக்கிட்டுத் தொங்குதே"ன்னாரு. ஏழைக் கைதிக்குன்னு சர்க்கார் செலவுல வச்சிருந்த வக்கீல் சின்னப் பையன். வேர்த்து விட்டு நின்னுக்கிட்டிருந்தான். எனக்கு ஒண்ணு பட்டுச்சு. அவன்கிட்ட, "மாமனாரு பின்னாடி உக்காந்திருக்காரு பாருங்க. அந்தப் பக்கத்துல மருமக மாமனார் எதிர்ல நிமிந்தே பேச மாட்டா. அவரை வச்சுக்கிட்டுக் கேட்டா எருமைதான் வரும்"னு சொன்னேன். அவன் என் கையைப் புடிச்சுக்கிட்டான்.

மத்தியானம் அவன் எந்திரிச்சு அதைச் சொன்னான். துரை ஒத்துக்கிட்டாரு. மாமனார் தலையில கட்டியிருந்த உருமாலையை எடுத்து உதறிட்டு, முணுமுணுத்துக்கிட்டே வெளியே போனாரு. நான் என்னமோ பெரிசாக் கண்டுபிடிச்சுட்டேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். அந்தப் பொண்ணும் அப்பத்தான் முதல் தடவையாத் தலையைத் தூக்கினா. சின்ன முகம். இருவது வயசு இருந்தா ஜாஸ்தி.

"இப்பச் சொல்லும்மா. பயப்படாதே. ஏன் விழுந்தே?"

"எருமைதானுங்க."

எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. துரை நாற்காலியில சாஞ்சுக்கிட்டாரு. ஆனாலும் விடலை. எருமை எப்படிப் புகுந்துச்சு, நீதானே மேய்ச்சேன்னாரு.

"தூங்கிட்டேனுங்க. வேப்பமரத்தடியில உக்காந்தேன், அப்படியே கண்ணசந்துருச்சுங்க."

அது புதுசு. மாஜிஸ்ட்ரேட்கிட்ட இதைச் சொல்லலை. விடிஞ்சதும் விடியாததுமா ஏன் தூங்கினேன்னாரு துரை.

"அசதிங்க."

"அசதி ஏன்?"

அவ கண்ணு என்னைத் தாண்டி, வக்கீலைத் தாண்டி, கதவோரம் போச்சு. போன வேகத்துல திரும்பி வந்துருச்சு. நான் திரும்பிப் பாத்தேன். கதவோரத் தூணுகிட்ட அந்தப் பெரியவர் தூக்குப்போசியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னாரு. எனக்கு அப்பத்தான் சுருக்குன்னுச்சு. நாங்க தப்பான ஆளை வெளியே அனுப்பியிருக்கோம்.

"சும்மாதானுங்க"ன்னா பாவாயி. "அசதிக்கு என்னங்க காரணம். சும்மாதான்."

நான் அதை இங்கிலீஷ்ல சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள பின்னாடி இருந்து ஒரு குரல்.

"நடந்தாளுங்க! நடந்த அசதிங்க சாமி!"

டவாலிச் சேவகன் ஓடிப்போய்ப் பெரியவர் தோளை அமுக்கினான். அவர் திமிறிக்கிட்டு முன்னாடி வந்தாரு. கையில இருந்த போசி விழுந்து உருண்டு, கோர்ட்டு நடுவுல சோறு கொட்டிப்போச்சு. "எருமை இல்லீங்க! நாந்தானுங்க! என்ற ஊட்டுக்கு நடந்து வந்த புள்ளையத் திருப்பி நடத்திக் கூட்டிக்கிட்டுப் போனவன் நாந்தானுங்க!"

அந்த ஆள் என்ன சொல்றான்னு துரை கேட்டாரு. சர்க்கார் வக்கீல் எந்திரிச்சு, இது சாட்சியமில்லை, எழுதக் கூடாதுன்னாரு. சின்ன வக்கீல் நல்ல வேளை அப்பவாவது முழிச்சுக்கிட்டான். இவரையே எங்க தரப்புச் சாட்சியாக் கூப்பிடறேன்னான். துரை சரின்னுட்டாரு. டவாலி சோத்தைக் கூட்டி அள்ளினான். பெரியவர் சாட்சிக் கூண்டுல ஏறி, சத்தியம் பண்ணிக்கொடுத்தாரு.

அவர் சொன்னதை நான் 'நான்'னுதான் சொல்லணும். உங்களுக்குத் தெரியுமே, இன்டர்ப்ரீட்டருக்கு 'அவன் சொல்றான்'கிறது கிடையாது. அவன் நான்னா நாமளும் நான்தான். அன்னைக்கு அந்த 'நான்' என் நாக்குல முள்ளாக் குத்துச்சு.

"வாக்கப்பட்ட ஊட்ல கஞ்சிகூடச் சரியா ஊத்தறதில்லீங்க. புருசனத் தின்னவன்னு பேச்சுங்க. பொறுக்க மாட்டாமப் புள்ளையத் தூக்கிக்கிட்டு என்ற ஊட்டுக்கு நடந்து வந்துட்டா. பொழுது சாயற நேரத்துல வந்து வாசல்ல நிக்கிறா. அவ ஆத்தா, இருக்கட்டும்னு அழுதா. நான் வேண்டாம்னேன்."

ஏன் வேண்டாம்னு சொன்னாய்னு துரை கேட்டாரு.

"எனக்கு இன்னும் ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்குதுங்க. தாலியறுத்தவ வந்து உக்காந்துட்டா அதுகளை எவன் கட்டுவான்? கட்டிக்குடுத்த ஊட்லதான் கெடக்கோணும்னேன். ஊரு முழிச்சாப் பாத்துருமுன்னு, கோழி கூப்பிடறதுக்கு முன்னால எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போனேனுங்க. கொழந்தைய நாந்தான் தூக்கிக்கிட்டேன். வழியெல்லாம் என்ற தோள்லயே தூங்குச்சுங்க. இவ ஒரு வார்த்த பேசலீங்க. கொண்டுபோய் அந்த வாசல்ல உட்டுட்டு, தண்ணிகூடக் குடிக்காமத் திரும்பி வந்துட்டேன். மறுநா வெடிஞ்சா இந்தச் சேதி வருதுங்க."

அவ எருமை மேய்க்கப் போனது அந்த அசதியில. ரெண்டு நாள் சேந்தாப்ல நடந்த காலுங்க. மாமனார் ஏசினாருன்னு மட்டும்தானே கேஸ் கட்டுல இருந்துச்சு? என்ன ஏசினாருன்னு யாருமே கேக்கலை. அதையும் பெரியவரே சொன்னாரு. ஊர்ல சொல்லிக்கிட்டாங்களாம். "பெத்த அப்பனே வேண்டாம்னு கொண்டாந்து தள்ளிட்டுப் போனான், நான் எதுக்குடி உனக்குக் கஞ்சி ஊத்தோணும்"னு, தோட்டத்துல வேலை செய்யற ஆளுக்காரங்க எதிர்ல.

இப்பப் பாருங்க. எருமை பொய்யில்லை. எருமைக்குப் பின்னாடி தூக்கம், தூக்கத்துக்குப் பின்னாடி அசதி, அசதிக்குப் பின்னாடி நடை, நடைக்குப் பின்னாடி அப்பன், அப்பனுக்குப் பின்னாடி கல்யாணம் ஆகாத ரெண்டு பொண்ணுங்க. ஏன்னு கேட்டதும் அவ கடைசி நுனியை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டு, மிச்சத்தை மடியில மறைச்சுக்கிட்டா. துரையோட பிகாஸுக்கு அந்த நுனி போதும்னு இருந்துச்சு. பொறந்த வீட்டு மேல ஒரு சொல் விழக் கூடாதுங்கறது நம்ம பொண்ணுங்களுக்கு யாரும் சொல்லித் தர்றதில்லை, அதுங்களே கத்துக்குதுங்க.

பெரியவர் முடிச்சதும் கைதிக் கூண்டுக்குள்ள இருந்து பாவாயி கத்தினா. அது வரைக்கும் அவ குரல் அவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியாது.

"பொய்யுங்க! எங்கய்யன் பொய் சொல்றாருங்க! நான் அங்க போகவே இல்லீங்க. என்னையக் காப்பாத்தறதுக்குச் சொல்றாருங்க. எருமைதானுங்க! எருமைதானுங்க சாமி!"

கைதி என்ன சொல்றாள்னு துரை என்னைக் கேட்டாரு.

தம்பிகளா, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களைப் புடிச்சு உக்கார வச்சிருக்கேன். சின்ன வக்கீல் என்னைப் பாத்தான். கெஞ்சற பார்வை. துரைக்குக் கிடைக்காம இருந்த காரணம் இப்பத்தான் கிடைச்சிருக்கு. அதை இவளே மிதிச்சு அழிக்கறா. அழுகிறாள், வேறொண்ணும் சொல்லலைன்னு நான் சொல்லியிருந்தா யாரும் என்னைத் தூக்கிலா போடப் போறாங்க? அசெஸர்களுக்குத் தமிழ் தெரியும். ஆனா அவங்களும் வாயை மூடிக்கிட்டு என்னைத்தான் பாத்தாங்க. கோர்ட்டு முழுக்க நான் பொய் சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்துச்சு. எனக்கும் அதே ஆசைதான். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க உண்டு.

ஆனா ஒண்ணு. அவ்வளவு நேரமா அவ வாயில இல்லாததை எல்லாரும் புடுங்கப் பாத்தோம். வாயைத் திறந்து அவளா, சொந்தமா, கேக்காமலே சொன்னது இது ஒண்ணுதான். அதையும் நான் முழுங்கிட்டா, அவளுக்கு அந்தக் கோர்ட்டுல வாயே இல்லைன்னு ஆயிரும். அவ உசுரைக் காப்பாத்தறேன்னு அவ பேச்சை நான் திருடக் கூடாது. இதெல்லாம் அப்ப யோசிச்சேனா, பின்னாடி யோசிச்சேனான்னு கேட்டா எனக்கே தெரியலை.

சொல்லிட்டேன். என் அப்பா பொய் சொல்கிறார், நான் அங்கே போகவே இல்லை, எருமைதான். இங்கிலீஷ்ல, நான்னு சொல்லி, அவ வேகத்துலயே சொன்னேன். சின்ன வக்கீல் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். துரை அவளைப் பாத்தாரு. அப்புறம் பெரியவரைப் பாத்தாரு. பெரியவர் கூண்டுக் கட்டையைப் புடிச்சுக்கிட்டு, "ஏஞ்சாமி இப்படிச் சொல்றே, ஏங்கண்ணு"ன்னு பொண்ணுகிட்ட மெதுவாக் கேட்டுக்கிட்டிருந்தாரு. அதை மொழிபெயர்க்கச் சொல்லித் துரை கேக்கலை. நானும் சொல்லலை.

மறுநாள் தீர்ப்பு. குற்றம் ருசு. தீவாந்தரம். பேருதான் தீவாந்தரம், பொம்பளைங்களை எந்தத் தீவுக்கும் அனுப்பறதில்லை, ஜெயில்தான். கருணை காட்டச் சொல்லிக் கவர்னருக்கும் சிபாரிசு எழுதியிருந்தாரு. தூக்கு இல்லைன்னதும் கோர்ட்டே ஒரு மூச்சு விட்டுச்சு. நான் அவகிட்ட, "தூக்கு இல்லைம்மா. ஜெயில்தான்"னேன்.

அவ சந்தோஷப்படலை. என்னைப் பாத்து, அந்தக் கேஸ்லயே முதல் தடவையா, அவ ஒரு கேள்வி கேட்டா.

"ஏனுங்க?"

"என்னம்மா?"

"எதுக்கு உட்டாங்க? எருமைன்னுதானுங்களே சொன்னேன்."

துரைகிட்டச் சொன்னேன். அவர் தீர்ப்புக் காகிதத்துல அந்த வரியை விரல் வச்சுக் காட்டி, இதை அப்படியே சொல்லுன்னாரு. ஜட்ஜ் காரணம் சொல்ற ஒரே இடம். எத்தனையோ தீர்ப்பைத் தமிழ்ல சொல்லியிருக்கேன், அந்த ஒரு வரிக்கு நாக்கு எழலை. பெரியவர் கதவோரம் அதே தூணுகிட்ட நின்னுக்கிட்டிருக்காரு. கை வெறுமையா இருந்துச்சு. வேற மாதிரி மழுப்பலாச் சொல்லிடலாமான்னு ஒரு கணம் தோணுச்சு. நேத்து அவ பேச்சை மாத்தாதவன் இன்னைக்கு அவர் பேச்சை மட்டும் எப்படி மாத்தறது?

"நீ அடைக்கலம் தேடிப் போனே. உன்னைப் பெத்த தகப்பனே உன்னைத் திருப்பி அனுப்பிட்டாரு. அந்த நெலமையில செஞ்ச காரணத்தால, உனக்குத் தூக்குத் தண்டனை கொடுக்கலை. கூண்டுல நின்னுக்கிட்டும் நீ அவரைக் காப்பாத்தத்தான் பாத்தே. அதையும் எழுதியிருக்காரு."

அவ முகம் அப்படியே வத்திப்போச்சு. கூண்டுக் கட்டையைத் தாண்டிக் கையை நீட்டினா, அந்தக் காகிதம் எட்டற தூரத்துல இருக்கிற மாதிரி.

"அதைய அழிக்கச் சொல்லுங்க."

"என்னம்மா சொல்றே?"

"எங்கய்யன் பேச்சு அதுல வேண்டாமுங்க. அழிக்கச் சொல்லுங்க சாமி. அழிச்சாத் தூக்குன்னா, தூக்கே போடச் சொல்லுங்க. நானும் அங்கதானுங்க போகோணும், என்ற புள்ளகிட்ட. அதைய அழிச்சுட்டுப் போடச் சொல்லுங்க."

நான் அதை இங்கிலீஷ்ல சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு தெரியலை, கண்ணுல தண்ணி வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு, துடைக்கலை. துரை மூக்குக் கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வச்சாரு. அவளைப் பாக்காம, ஜன்னலைப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு. கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்னாலயும் அழிக்க முடியாது, அவளிடம் சொல்.

"அழிக்க முடியாதாம்மா"ன்னேன்.

வார்டருங்க அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பனைத் தாண்டித்தான் போகணும். அவ நின்னு அவர் காலைத் தொடப் பாத்தா, வார்டருங்க விடலை.

அன்னைக்குச் சாயங்காலம் நான் கோட்டை மாட்டிக்கிட்டு வராந்தாவுக்கு வந்தா, பெரியவர் அங்கேயே உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சாரு. திட்டுவாரு, இல்லை அழுவாருன்னு நெனச்சேன். ரெண்டும் இல்லை.

"ஏனுங்க சாமி, அவ அழிக்கச் சொன்னாளே. அழிச்சுருவாங்களா?"

"அழிக்க முடியாதுங்க. ஜட்ஜே சொல்லிட்டாரே."

"கொஞ்ச நாள் கழிச்சு? அவ காகிதம் கீகிதம் எழுதிப் போட்டா?"

"முடியாதுங்க. அது அப்படியேதான் இருக்கும்."

அவர் என் மூஞ்சியை உத்துப் பாத்தாரு. நான் மழுப்பறேனான்னு பாத்தாரு போலிருக்கு.

"இருக்கட்டும்ங்க"ன்னாரு. "ஊர்ல எல்லாரும் என்ற மேல தப்பில்லீன்னே சொல்றாங்க சாமி. நாந்தான்னு அந்த ஒரு எடத்துலயாச்சும் இருக்கட்டும்ங்க."